காய்ச்சலுக்குக் கஷாயம்: எது வரை கைவைத்தியம், எப்போது ஆஸ்பத்திரி?

(இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

முன்னுரை

லேத், மில்லிங், வெல்டிங் என்று எழுத வேண்டியவன் கஷாயத்தைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். மழைக்காலம் வந்தால் நம் ஹாஸ்டலில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். ஒருவன் நிலவேம்பு தேடுவான், ஒருவன் பப்பாளி இலையைக் கசக்குவான், இன்னொருவன் மருந்துக்கடையில் பேர் தெரியாத நாலு மாத்திரை வாங்கி முழுங்கிவிட்டுப் படுப்பான். இதில் எது சரி, எது ஆபத்து என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

எனக்குச் சொந்த ஊர் செஞ்சிப் பக்கம் தொண்டூர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அதனால் ஊரில் யார் மாத்திரை வாங்கினாலும் அட்டையை என்னிடம்தான் நீட்டுவார்கள். "தம்பி, இது எதுக்குன்னு படிச்சுச் சொல்லு" என்பார்கள். தெரியாமல் எதையாவது சொல்லிவிடக் கூடாதே என்றுதான் நான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் முக்கியமானதை இங்கே தருகிறேன்.

செஞ்சியும் காய்ச்சலும்

கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மலைகளைப் பார்ப்பார்கள். காய்ச்சலைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் இந்தக் கோட்டையைப் பிடித்தார். 1761 வரை அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் அவர்கள் இங்கே சுமார் 1,200 ஐரோப்பிய வீரர்களை இழந்ததாகச் சொல்லப்படுகிறது என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதியிருக்கிறார். அவர் காரணமாகச் சொல்வது பீரங்கியை அல்ல, இந்த இடத்தின் உடம்புக்கு ஒவ்வாத தன்மையை. அதற்கு முன்பே கர்நாடக நவாபுகளின் தலைமையிடம் செஞ்சியிலிருந்து ஆற்காட்டுக்கு மாறியதற்கும் இதே காரணம் சொல்லப்படுவதுண்டு. கொசு நோயைப் பரப்புகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

எங்கள் தொண்டூர்ப் பக்கத்துக் குன்றில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன, தமிழ் பிராமிக் கல்வெட்டும் இருக்கிறது. சமண சமயம் சொல்லும் நான்கு தானங்களில் அன்னம், அபயம், சாஸ்திரம் ஆகியவற்றோடு மருந்து கொடுப்பதும் ஒன்று. ஆக, மருந்தும் அதைச் சொல்லிக்கொடுக்கும் படிப்பும் நம்ம மண்ணில் புதுசு இல்லை.

காய்ச்சல் என்றால் என்ன?

காய்ச்சல் ஒரு நோய் அல்ல, நோயின் அறிகுறி. நம் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. அது நாம் லேபில் பார்க்கும் தெர்மோஸ்டாட் மாதிரி வேலை செய்கிறது. சாதாரணமாக அது உடம்பை 37 டிகிரி செல்சியஸை (98.6 ஃபாரன்ஹீட்) ஒட்டி வைத்திருக்கும். கிருமி உள்ளே வந்ததும் உடம்பில் உண்டாகும் சில வேதிப்பொருள்கள் அந்த செட்டிங்கையே உயர்த்திவிடுகின்றன. 37-ல் இருந்த செட்டிங் 39-க்குப் போனால், 37-ல் இருக்கும் உடம்பு தன்னைக் குளிர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. அதனால்தான் உடம்பு சுடும்போதே நமக்குக் குளிர்கிறது, நடுங்குகிறது. தசை நடுங்கினால் வெப்பம் உண்டாகும். பாராசிட்டமால் மாத்திரை அந்த செட்டிங்கைக் கீழே இறக்குகிறது. அதன் பிறகு வியர்த்து உடம்பு ஆறுகிறது.

38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று சொல்லலாம். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது அளவு ஆகாது. வெர்னியர் இல்லாமல் கண்ணாலேயே ஷாஃப்ட்டின் விட்டம் சொன்னால் நம் ஒர்க்ஷாப் வாத்தியார் விடுவாரா? வீட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர் வேண்டும்.

திருக்குறளில் மருந்து என்றே ஓர் அதிகாரம் (95) இருக்கிறது. நோய் என்ன, அது எதனால் வந்தது, தணிக்கும் வழி எது என்று பார்த்து வைத்தியம் செய் என்பது அதில் வரும் கருத்து. காய்ச்சலைக் குறைப்பது மூன்றாவது படி. முதல் இரண்டு படியையும் தாண்டிக் குதிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. டெங்கு, மலேரியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், சாதாரண சளிக்காய்ச்சல் எல்லாமே முதல் நாளில் ஒரே மாதிரிதான் சுடும்.

நிலவேம்புக் குடிநீர்

சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்குச் சுரம் என்று பெயர். யூகி வைத்திய சிந்தாமணி சுரத்தை 64 வகையாகப் பிரிக்கிறது. சித்த மருத்துவம் சுரத்துக்குச் சொல்லும் மருந்துகளில் இன்று எல்லார் வாயிலும் இருப்பது நிலவேம்புக் குடிநீர். 2006-ல் சிக்குன்குனியா வந்து ஜனங்கள் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது இது பரவலாகப் பேசப்பட்டது. 2012-லும் 2017-லும் தமிழ்நாட்டில் டெங்கு கடுமையாக இருந்தபோது அரசே ஆஸ்பத்திரிகளில் காய்ச்சிக் கொடுத்தது. பஸ் ஸ்டாண்டிலும் பள்ளிக்கூடத்திலும் அண்டாவில் வைத்துக் கொடுத்தார்கள்.

இதில் ஒன்பது சரக்குகள் சம அளவில் சேரும்: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம்.

காய்ச்சும் முறை: 5 கிராம் சூரணத்தை (கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி) 200 மி.லி. தண்ணீரில் போட்டு, சிறு தீயில் 50 மி.லி. ஆகும் வரை, அதாவது நாலில் ஒரு பங்காகச் சுண்டும் வரை காய்ச்சி வடிகட்ட வேண்டும். சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சியதை மறுநாள் சுடவைத்துக் குடிப்பது தவறு. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 50 மி.லி.க்கு மேல் வேண்டாம். எத்தனை வேளை, எத்தனை நாள், குழந்தைகளுக்கு எவ்வளவு என்பதைச் சித்த மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பல அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்தா பிரிவு இருக்கிறது, காசு கேட்பதில்லை.

2020-ல் கொரோனா வந்தபோது பேசப்பட்ட கபசுரக் குடிநீர் வேறு மருந்து. அதில் நிலவேம்போடு ஆடாதோடை, சீந்தில், திப்பிலி, கற்பூரவள்ளி, கடுக்காய் என்று மொத்தம் 15 சரக்குகள் உண்டு. இரண்டும் ஒன்று என்று நினைத்து மாற்றிக் குடிக்கக் கூடாது.

இதில் ஒரு விவாதமும் நடந்தது. 2017 அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன், ஆராய்ச்சி முடிவு தெரியும் வரை நிலவேம்புக் குடிநீரை விநியோகிக்க வேண்டாம் என்று தன் இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டார். சித்த மருத்துவர்கள் மறுத்துப் பேசினார்கள். டீக்கடை வரைக்கும் சண்டை நடந்தது. நம்மைப் போன்ற மாணவர்கள் இதில் கட்சி கட்ட வேண்டியதில்லை. ஒரு மருந்து நூற்றாண்டுகளாகப் பழக்கத்தில் இருக்கிறது என்பது ஒரு தகவல். அது எந்த நோயில் எவ்வளவு உதவுகிறது என்று அளந்து பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டும் வேண்டும்.

இலையிலிருந்து மாத்திரை வரை

"இங்கிலீஷ் மருந்து வேறு, மூலிகை வேறு" என்று நாம் பேசுகிறோம். ஆனால் பழைய காய்ச்சல் மருந்துகள் பலவும் செடியிலிருந்து வந்தவைதான்.

1. சின்கோனா: தென் அமெரிக்க மரத்தின் பட்டை. 1820-ல் பிரான்சில் பெல்லெட்டியர், காவெந்தூ இருவரும் இதிலிருந்து குயினைனைப் பிரித்தார்கள். மலேரியாவுக்கு அது பெரிய ஆயுதமானது.

2. வில்லோ மரப்பட்டை: இங்கிலாந்துப் பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன் இது காய்ச்சலைக் குறைக்கிறது என்று 1763-ல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். இந்த வழியில் போய்த்தான் 1897-ல் பேயர் கம்பெனியில் ஆஸ்பிரின் உருவானது.

3. சிங்ஹாவ் என்ற சீன மூலிகை: து யூயூ என்ற விஞ்ஞானி பழைய மருத்துவ ஏட்டைப் படித்து, கொதிக்க வைத்தால் மருந்துச் சத்து கெட்டுப்போகிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தார். 1972-ல் கிடைத்த அந்த ஆர்ட்டிமிசினின் மலேரியாவிலிருந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றிலும் பாடம் ஒன்றுதான். செடியில் சத்து இருந்தால் மட்டும் போதாது. எந்தச் செடி, எந்தப் பக்குவம், எவ்வளவு அளவு என்பது தெரிந்தால்தான் அது மருந்து. வேலை செய்யும் பொருளுக்குப் பக்கவிளைவும் இருக்கும். "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்கிறவர், அது நோயையும் ஒன்றும் செய்யாது என்று தன்னை அறியாமல் சொல்கிறார்!

பாதுகாப்பு விதிகள்

மெஷின் டிசைனில் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று படிக்கிறோம். மருந்திலும் அது உண்டு.

1. பெயர்க் குழப்பம்: நிலவேம்பு வேறு, வேப்பமரம் வேறு. நிலவேம்பைச் சிறியாநங்கை என்றும் சொல்வார்கள். பற்படாகம் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு செடிகள் கடைக்கு வருவதுண்டு. வேலி ஓரத்தில் பறித்ததை நம்பாமல், உற்பத்தி உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி போட்ட பாக்கெட்டை வாங்குங்கள். தமிழ்நாடு அரசின் டாம்ப்கால், கூட்டுறவு நிறுவனமான இம்காப்ஸ் போன்றவை தயாரிக்கின்றன.

2. யார் குடிக்கக் கூடாது: கர்ப்பிணிகள் நிலவேம்பைத் தாமாகக் குடிக்கக் கூடாது. பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்க வேண்டும். நிலவேம்பு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடும். ஆகவே சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் குடித்தால் மாத்திரையும் கஷாயமும் சேர்ந்து இழுத்துவிடும்.

3. ஒவ்வாமை: நிலவேம்பு சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை உண்டாக்கலாம் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-ல் ஆய்வறிக்கை வெளியிட்டது. குடித்த பிறகு தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

4. கல்லீரல்: சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். அது சீந்திலே அல்ல, அதைப் போன்ற வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. எது உண்மையானாலும் நமக்குப் பாடம் ஒன்றே: மாதக்கணக்கில் தானாகக் குடிக்காதே, செடியைச் சரியாகத் தெரியாமல் குடிக்காதே.

5. கைக்குழந்தைகள்: வேப்பெண்ணெயைக் குழந்தை வாயில் விடவே கூடாது. அப்படிக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் வாந்தி, வலிப்பு, மயக்கத்துக்குப் போனதை 1980-களின் தொடக்கத்தில் மலேசிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கஷாயத்தில் தேன் கலக்கவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதை பிஞ்சுக் குடலில் நஞ்சு உண்டாக்கும். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கைவைத்தியமே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

6. வேது பிடித்தல்: சளிக்கு இதமாக இருக்கும். ஆனால் கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

7. மாத்திரையும் கஷாயமும்: டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் ஆபத்து, ரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் மட்டுமே. அதிலும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்சவரம்பு, கல்லீரல் பழுதுள்ளவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. பல சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அட்டையைத் திருப்பிப் படிக்காவிட்டால் ஒரே மருந்தை இரண்டு முறை முழுங்குவோம்.

8. எதைச் சாப்பிட்டோம் என்பதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. "திட்டுவாங்க" என்று கஷாயம் குடித்ததை மறைப்பது நம்ம ஜனங்களின் பழக்கம். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல் விட்ட நாள்தான் கவனம்

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு வயசுப் பையன். மூன்று நாள் காய்ச்சல். வீட்டில் வேளை தவறாமல் கஷாயம் கொடுத்தார்கள். நடுவில் பக்கத்து ஊரில் ஊசி போடுகிற ஒருவரிடம் கூட்டிப்போய் ஊசியும் போட்டார்கள். அது என்ன ஊசி என்று ஒரு சீட்டுக்கூடக் கிடையாது. நாலாம் நாள் காலையில் உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. "கஷாயம் கேட்டுடுச்சு" என்று அவன் அம்மா கழனி வேலைக்குக் கிளம்பிவிட்டது. மத்தியானம் பையனுக்கு வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிட்டுப்போய்ச் சோர்ந்து கிடந்தான். எங்க ஆயா "அசதி, தூங்கட்டும்" என்றது. அந்தப் பக்கமாக வந்த கிராம சுகாதார செவிலியர் அக்கா அவன் கையைத் தொட்டுப் பார்த்ததும், "108-க்குப் போன் பண்ணு தம்பி, இப்பவே" என்றார். டெங்கு. ஆஸ்பத்திரியில் அளவு பார்த்துப் பார்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தான். இன்றைக்குத் தெருவில் பம்பரம் விடுகிறான்.

டெங்குவில் நடப்பது இதுதான். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். அப்போதுதான் சிலருக்கு ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசிய ஆரம்பிக்கும். பைப்லைனில் கசிவு வந்தால் பிரஷர் குறைவது போல் ரத்த அழுத்தம் விழும். அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் உயிருக்கு ஆபத்தான கட்டம். பப்பாளி இலைச்சாறு தட்டணுக்களைக் கூட்டுகிறதா என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த நீர்க்கசிவு, தட்டணு எண்ணிக்கை மட்டும் அல்ல. கசிவைக் கவனித்துச் சரியான அளவில் திரவம் ஏற்ற ஆஸ்பத்திரியால்தான் முடியும்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்:

- கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி
- ஈறு, மூக்கில் ரத்தம், கறுப்பாக மலம்
- மூச்சு வாங்குதல்
- கை கால் சில்லிடுதல், அதிகச் சோர்வு, பிதற்றல், வலிப்பு
- ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருத்தல்

இன்னொன்று: புதர்க்காட்டில் ஆடு மாடு மேய்க்கிறவர்களுக்கும் கொல்லையில் களை எடுக்கிறவர்களுக்கும் உண்ணிக்காய்ச்சல் வரலாம். உடம்பில் மறைவான இடத்தில் சிகரெட் சுட்டது போல் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து நன்றாகக் கேட்கும். கஷாயத்தை நம்பி நாள் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும்.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்பார்கள். காய்ச்சலுக்கு நான் இரண்டு நாள் என்றே வைத்துக்கொள்ளச் சொல்வேன். இரண்டு நாளில் விடவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை. டெங்குவுக்கு முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1, அதன் பிறகு ஐ.ஜி.எம். பரிசோதனை செய்வார்கள். அபாய அறிகுறி இருந்தால் இரண்டு நாள் கூடக் காத்திருக்க வேண்டாம்.

அது வரைக்கும் வீட்டில் பயமில்லாமல் செய்யக்கூடியவை நிறைய உண்டு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, இளநீர், மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல், அளவான சுக்கு மல்லிக் காப்பி, வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைப்பது, காற்றோட்டமான இடம், நல்ல ஓய்வு. கம்பளியால் இறுக்கிப் போர்த்த வேண்டாம், ஐஸ் தண்ணீரும் வேண்டாம். காய்ச்சல்காரரைப் பட்டினி போடாதீர்கள்.

நம் கல்லூரியில் நாம் செய்யக்கூடியது

எந்தக் கஷாயமும் கொசுவைக் கொல்லாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டை இடும். முட்டை பறக்கும் கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு முறை தேங்கிய தண்ணீரைக் கொட்டினாலே அந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் கிடக்கும் பழைய ட்ரம், டயர், ஸ்கிராப் தகரம், ஹாஸ்டல் மொட்டைமாடித் தொட்டி இவற்றை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அரைமணி நேரம் கவிழ்த்து வைக்க நம் மாணவர் சங்கம் ஏற்பாடு செய்யலாம். ஒவ்வொரு ஹாஸ்டல் பிளாக்கிலும் ஒரு தெர்மாமீட்டர், சுவரில் 108, 104 எண்கள், மேலே சொன்ன அபாய அறிகுறிகளின் பட்டியல். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

முடிவுரை

மூலிகையைக் கேலி செய்வதும் படிப்பு ஆகாது, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பதும் பாரம்பரியம் ஆகாது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று சொன்னவர்கள் நம் முன்னோர்கள்தான். நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். நம் அப்பா அம்மா நம்மைப் படிக்க வைத்தது டிப்ளமோ சர்டிபிகேட்டுக்காக மட்டும் இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டு மாடத்தில் இருக்கும் மாத்திரை அட்டையையும் சூரணப் பாக்கெட்டையும் எடுத்துத் தேதி பாருங்கள். பழையதைத் தூக்கிப் போடுங்கள். காய்ச்சல் விட்ட நாளில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அம்மாவிடம் ஒரு தரம் சொல்லிவிட்டு வாருங்கள். அது போதும்.